பலகையும் கம்பியும்: கிட்டாரின் ஒலி எங்கிருந்து வருகிறது?

கிட்டார்க் கம்பி ஒன்றை இரண்டு இரும்பு முளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினால், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கம்பி மெல்லியது, அது தள்ளும் காற்று மிகக் கொஞ்சம். அதன் அதிர்வை வாங்கி அகலமான ஒரு பரப்புக்குக் கொடுப்பது, வீணைக்காரர்கள் குதிரை என்றும் கிட்டார்க்காரர்கள் பிரிட்ஜ் என்றும் சொல்லும் சிறு கட்டை. கம்பி ஆடக் குதிரை ஆடுகிறது. குதிரை ஒட்டியிருக்கும் மேற்பலகை ஏறி இறங்குகிறது. பலகை காற்றை அசைக்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் வட்டத் துளை வழியே மூச்சு விடுவதுபோல் போய்வருகிறது. பெரிய உடல்கொண்ட ஒரு கிட்டாரில் இந்த உள்காற்றின் சொந்த அதிர்வு வினாடிக்கு 100 முறை அளவிலும், மேற்பலகையின் முதல் பெரிய அதிர்வு 200 முறை அளவிலும் அமையும். தடித்த ஆறாவது கம்பியின் அடிப்படை அதிர்வோ 82 முறைதான். ஆகவே மிகக் கீழான சுரத்தைப் பெட்டி முழு பலத்தோடு வெளியே அனுப்புவதில்லை. மேலே ஒலிக்கும் கிளைச்சுரங்களைக் கேட்டு, அடிச்சுரத்தைக் காது தானே கூட்டிக்கொள்கிறது. சிறிய உடல்கொண்ட கிட்டாரில் ‘பேஸ்’ குறைவதற்கு இந்த அளவுக் கணக்கே முதற்காரணம். மரத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மரம் பற்றிய கேள்வி, பெரும்பாலும் மேற்பலகை பற்றிய கேள்வி. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் பலகையிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள் கேட்கப்படுகின்றன. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது வளைந்து சுருளாமல் நிற்கும் விறைப்பு வேண்டும். கம்பியின் சின்ன அசைவுக்கும் இணங்கும் லேசும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் மரங்கள் உலகில் குறைவு. குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்புரூஸ் அவற்றில் முதன்மையானது. கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோதான் எடை. ஆனால் இழையோடு சேர்ந்த திசையில், காற்றில் ஓடுவதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு வேகத்தில் ஒலி அதற்குள் ஓடுகிறது. இழைக்குக் குறுக்கே அதே பலகை பத்து மடங்குக்கும் மேல் நலிந்தது. அந்த நலிவை ஈடுசெய்யத்தான் உட்புறத்தில் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரஸ் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய விசிறிக்கட்டு நைலான் கிட்டாருக்கும், அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறை 1840களில் கையாளத் தொடங்கிய பெருக்கல்குறிக் கட்டு எஃகுக் கம்பிக் கிட்டாருக்கும் இன்றுவரை அடிப்படை. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்றின் சட்டத்தைச் சற்று அதிகமாகச் சீவிவிட்டால் போதும், இரண்டும் வேறு வேறு குரலில் பேசும். மரப்பெயரை மட்டும் சொல்லி விற்கும் விளம்பரங்கள் இந்தச் சீவுளி வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறையும் எளிமையானதுதான். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த துண்டைக் கைவினைஞர் தேடுகிறார். அப்படி அறுத்தது குறுக்கு விறைப்பு கூடியது, ஈரத்தில் குறைவாக வீங்குவது. பிறகு மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல்கணுவால் நடுவில் தட்டுகிறார். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே செயல். ‘டொக்’ என்று அடங்கிப்போனால் பலகை ஒதுக்கப்படும். மணியின் வால்போல ஓசை நீண்டு தேய்ந்தால் வேலைக்கு எடுக்கப்படும். ஸ்புரூஸுக்கு அடுத்தபடி மேற்பலகைக்குப் பயன்படுவது மேற்கு அமெரிக்கச் செஞ்சிடார். அது இன்னும் லேசு, இன்னும் மென்மை. மெதுவாக மீட்டினாலும் உடனே பேசும், ஓங்கி அடித்தால் திணறும். விரலால் மீட்டுவோர் சிடாரையும், பிளெக்ட்ரம் கொண்டு அடித்து வாசிப்போர் ஸ்புரூஸையும் நாடுவது இதனால்தான்.

கொல்கத்தாவுக்குக் கிட்டார் வந்தபோது மரத்தைத் தட்டிக் கேட்கும் காது அங்கே ஏற்கெனவே இருந்தது. இன்று ரவீந்திர சரணி எனப்படும் சித்பூர் சாலை நெடுகிலும், லால்பஜாரிலும் வாத்தியக் கடைகள் உண்டு. சித்பூர் சாலையின் கனாய்லால் சகோதரர்கள், ராஷ்பிஹாரி அவென்யூவின் ஹிரேன் ராய் ஆகிய பெயர்கள் சிதாருக்கும், அதே அவென்யூவின் ஹேமேன் சென் பெயர் சரோதுக்கும் இந்தியா முழுவதும் தெரிந்தவை. லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்கள் காப்பித்தூளும் வாழையிலையும் வாங்கப் போகும் தெருவும் அந்த ராஷ்பிஹாரி அவென்யூதான். இந்தப் பட்டறைகளின் அடிப்படை மரங்கள் இரண்டு: சரோதுக்குத் தேக்கு, சிதாருக்குத் தூன். தூன் என்பது தமிழ்நாட்டில் சந்தன வேம்பு எனப்படும் மரம். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிட்டார் உலகம் போற்றும் மகாகனியும் அதே குடும்பம். மகாகனியின் இந்திய வரலாறும் கொல்கத்தாவில்தான் தொடங்குகிறது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1795இல் அது கொண்டுவந்து நடப்பட்ட இடம், ஹூக்ளியின் மறுகரையில் சிப்பூரில் இருக்கும் தாவரவியல் தோட்டம். கம்பியின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி இந்துஸ்தானி இசை வாசிக்கும் ஸ்லைடு கிட்டார்களுக்குத் தூனும் மகாகனியும் பயன்படுவதில் வியப்பில்லை. லேசாகவும், செதுக்க எளிதாகவும், காய்ந்தபின் அதிகம் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கும் மரங்கள் அவை.

வங்காளத்தில் கிடைக்கும் இன்னொரு லேசான மரம் காமார். பூர்வ வர்த்தமான் மாவட்டத்து நதுன்கிராமத்தில் செய்யும் மர ஆந்தைப் பொம்மைகள் பெரும்பாலும் அதில் செதுக்கப்படுகின்றன. தமிழில் அது குமிழ். உட்துளை கொண்ட குமிழங்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி இடையன் ஒருவன் யாழ் மீட்டும் காட்சி பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. லேசான மரம், இழுத்துக் கட்டிய நார் என்ற அந்தச் சேர்மானத்தின் தொலைதூர உறவினர்தான் இன்றைய கிட்டாரும்.

மேற்பலகையைவிட அதிகப் பேச்சும் அதிக விலையும் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் உரியவை. அங்கேதான் ரோஸ்வுட் வருகிறது. தமிழில் ஈட்டி, தோதகத்தி. நீலகிரி, வயநாடு, குடகு மலைச்சரிவுகளில் வளரும் இந்த மரம் கன மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். மகாகனி 600ஐ எட்டுவதே அரிது. ஈட்டிப் பலகையைத் தட்டினால் உலோகத் தட்டுபோல் ஒலிக்கும். அதிர்வை அது எளிதில் விழுங்குவதில்லை. ரோஸ்வுட் கிட்டாருக்கு ஆழமான கீழ்ச்சுரமும் பளிச்சிடும் மேற்கிளைகளும் உண்டு, மகாகனிக்கு நடுச்சுரம் தெளிவாக இருக்கும், மேப்பிள் சட்டென்று அடங்கும் என்ற வாய்ப்பாடு இதிலிருந்து பிறந்தது. வாய்ப்பாடு முழுப் பொய்யில்லை. அது எவ்வளவு பெரிய உண்மை என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தோரஸே 1862இல் எழுப்பிவிட்டார். அந்த ஆண்டு அவர் செய்த ஒரு கிட்டாரின் மேற்பலகை நல்ல ஸ்புரூஸ். பின்புறமும் பக்கங்களும் காகிதக்கூழ் அட்டை. ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகையே என்று காட்டுவதற்காகச் செய்த அந்த வாத்தியம் இன்றும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பாப் டெய்லர் 1995இல் சரக்கு ஏற்றும் பழைய மரத் தட்டு ஒன்றின் ஓக் பலகைகளை எடுத்துப் பின்னும் பக்கமும் செய்து, கேட்கத்தக்க ஒரு கிட்டாரை இசைக்கருவிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். கட்டுப்பாடான சோதனை 2018இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காக ரோஜர் பக்னல் என்ற கைவினைஞர் ஆறு கிட்டார்கள் செய்தார். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் எனப் பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் மாறும். மற்றதெல்லாம் இயன்றவரை ஒன்று. மங்கலான அறையில், வெல்டிங் கண்ணாடி அணிவித்து, 52 கிட்டார்க் கலைஞர்களிடம் அவற்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் கிடைத்தது. ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தி அறிவதும் எளிதாக இருக்கவில்லை. விலையில் பல மடங்கு தூரம் விலகி நிற்கும் மரங்கள், கண்ணை மூடியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

ரோஸ்வுட்டின் புகழில் பாதி, அதன் கிடைப்பருமையால் வந்தது. அமெரிக்க மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது 1969இல். பிரேசில் மரம் அரிதாகிப் போனதே காரணம். அந்த மரம் 1992இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதுமுதல் உலகின் நல்ல கிட்டார்களில் பெரும்பங்கின் முதுகு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து போகும் ஈட்டிதான். ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்ததும் இந்தியக் கைவினைப் பொருள் ஏற்றுமதியாளர்களும் வெளிநாட்டுக் கிட்டார் நிறுவனங்களும் ஒருசேரத் திணறினார்கள். ஒரு கிட்டாரோடு எல்லை தாண்டவும் தாள்கள் தேவைப்பட்டன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது 2019 நவம்பரில். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் தாராளமாகக் கிடைக்கும் சீசம், வங்காளத்தில் சிஷு, அதே பேரினத்தின் மலிவான தம்பி. எடையிலும் தட்டொலியிலும் ஈட்டிக்கு அதிகம் குறைந்ததில்லை. நிறம் மட்டும் வெளிறியது. கடைக்காரரின் பார்வையில் அந்த நிறக்குறை பெரிய குறை.

ஒட்டுப்பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியாவில் பெரும்பாலோரின் முதல் கிட்டார் பிளைவுட் கிட்டார்தான். மெல்லிய தகடுகளை இழை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையிட்டு அழுத்திய பலகை அது. நெடுக்கு விறைப்பு குறைந்து குறுக்கு விறைப்பு கூடுவதால் அதிரும் விதம் மாறுகிறது. பசை அடுக்குகள் அதிர்வைக் கொஞ்சம் குடித்துவிடுகின்றன. பாதுகாப்புக்காகக் கனத்தையும் கூட்டிவிடுகிறார்கள். ஒலி மூக்கடைத்ததுபோல் இருப்பதற்கு இந்த மூன்றும் காரணம். பின்பலகையும் பக்கமும் பிளைவுட்டாக இருந்து மேற்பலகை மட்டும் முழுமரமாக இருந்தால் இழப்பு மிகக் குறைவு. கடைகளில் ‘சாலிட் டாப்’ என்று சொல்லப்படுவது இதுதான்; கொடுக்கும் பணத்துக்கு அதிகம் கிடைக்கும் இடமும் இதுதான்.

கம்பிக்கு வருவோம். ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, எடை. கிட்டாரின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் என்று நிலைத்துவிட்டது; சுருதியும் நிலைத்தது. எஞ்சியது எடை. எடையை மாற்றினால் இழுவிசை தானாக மாறும். அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு கனமுள்ள முதல் கம்பி, மேல் ‘இ’ சுருதியில் ஏறத்தாழ 10.7 கிலோ இழுக்கும். கனம் 10 ஆனால் 7.4 கிலோதான். எண்ணில் இரண்டு குறைய, இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. விரலுக்குச் சுகம், மேற்பலகைக்குப் பட்டினி. கம்பி பலகைக்குள் செலுத்தும் ஆற்றல் குறைவதால் ஒலி மெலிகிறது, ஓங்கி அடித்தால் கம்பி பக்கவாட்டில் அதிகம் வீசி, தண்டின் குறுக்கே பதித்த உலோகக் கட்டான ஃபிரெட்டில் உரசுகிறது. கற்றுக்குட்டிகளுக்கு 10, பொதுவாக 12, கனத்த கையோடு தாளம் அடிப்பவர்களுக்கு 13 என்பது ஏறத்தாழ உலக வழக்கு. கட்டு மெலிந்த பழைய கிட்டாரில் 13 மாட்டுவது, குதிரை பெயர்ந்து வருவதற்கு அழைப்பு வைப்பது மாதிரி.

கீழ்க்கம்பிகளுக்கு எடை அதிகம் வேண்டும். அதை ஒரே தடித்த எஃகுக் கம்பியாகச் செய்தால் அது கம்பியாக இராது, கழியாகிவிடும். வளைய மறுக்கும் கழியின் கிளைச்சுரங்கள் சுருதி விலகி ஒலிக்கும். அதனால் மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் வேறோர் உலோகத்தைச் சுற்றி, வளையும் தன்மையைக் கெடுக்காமல் எடையை மட்டும் கூட்டுகிறார்கள். இந்தச் சுற்றுக்கம்பியின் உலோகத்தில்தான் கிட்டார் உலகின் பெரிய பெயர்க்குழப்பம் இருக்கிறது. பெட்டியில் ‘80/20 பிரான்ஸ்’ என்று அச்சிட்டிருப்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை என்பது தமிழ்நாட்டுப் பாத்திரக்கடைப் பையனுக்கும் தெரியும். ஆங்கிலப் பெட்டி அதை வெண்கலம் என்கிறது. உண்மையான வெண்கலம், செம்போடு தகரம் சேர்ந்தது, ‘பாஸ்பர் பிரான்ஸ்’ என்ற பெயரில் வருகிறது: ஏறத்தாழ 92 பங்கு செம்பு, மீதி தகரம், துளி பாஸ்பரஸ். அமெரிக்காவின் டிஅடாரியோ நிறுவனம் இதைக் கிட்டாருக்கு 1974இல் கொண்டுவந்தது. பித்தளைச் சுற்று புதிதில் பளீரென்று ஒலிக்கும், விரைவில் மங்கும். வெண்கலச் சுற்று தொடக்கத்திலேயே சற்று அடக்கம். ஆனால் அந்தக் குரலை அதிக நாள் காப்பாற்றும். ஏற்கெனவே கூசும் ஒலிகொண்ட கிட்டாருக்கு வெண்கலமும், மூக்கடைத்த பிளைவுட் கிட்டாருக்குப் பித்தளையும் பொருந்துவதைக் காதால் உணர முடியும்.

நைலான் வேறு உலகம். ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நரம்பே ஐரோப்பியக் கிட்டாரின் பழைய கம்பி. இரண்டாம் உலகப் போரில் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையைக் கம்பியாக்கினார். ஸ்பானியக் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை வாசித்து நிலைநிறுத்தினார். நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ; எஃகின் பாதியை ஒட்டியது. அதற்கேற்ப மேற்பலகையும் சட்டங்களும் மெலிவாகச் செய்யப்படுகின்றன. சத்தம் போதவில்லை என்று நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டுவது இந்திய வீடுகளில் அடிக்கடி நடக்கும் கொலை. சில வாரங்களில் பலகை குதிரைக்குப் பின்னால் வயிறு தள்ளும், முன்னால் குழி விழும். பிறகு எந்தக் கம்பி மாட்டினாலும் பழைய குரல் திரும்பாது.

சத்தமும் நீடிப்பும் ஒரே பணப்பையிலிருந்து செலவாகின்றன. மீட்டும் விரல் கம்பிக்குக் கொடுத்த ஆற்றல் ஓர் அளவுதான். லேசான பலகை அதை வேகமாக வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடும்: உரத்த ஒலி, குறுகிய ஆயுள். கனத்த பலகை சிறுகச் சிறுக வாங்கும்: மெல்லிய ஒலி, நீண்ட ஆயுள். தோல் போர்த்திய சரோத் முதல் வகை. அதனால்தான் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஜவாவால் அதை அடுத்தடுத்து மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த இசை என்பதைப் பொறுத்தே எந்தச் செலவு நல்லது என்று சொல்ல முடியும். கொல்கத்தாவின் கிட்டார் வரலாறு இந்தக் கணக்கை நீடிப்பின் பக்கம் சாய்த்தது.

வங்காளத்தில் இன்றும் கிட்டார் என்றால் ‘ஹவாயனா, ஸ்பானிஷா?’ என்று ஒரு தலைமுறையாவது கேட்கும். ஸ்பானிஷ் என்பது ஃபிரெட்டில் விரல் அழுத்தி வாசிக்கும் சாதாரணக் கிட்டார். ஹவாயன் என்பது மடியில் படுக்கவைத்து, கம்பியின் மேல் எஃகுத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது. பசிபிக் தீவுக் கலைஞரான டாவ் மோ தம் குடும்பக் குழுவோடு 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். அவரிடம் கற்ற கார்னி நிஸ் நகரத்தின் ஹவாயன் கிட்டார் மோகத்துக்கு முகமானார். வங்கக் கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்த, பட்டுக் நந்தி, சுனில் கங்குலி என்று நீண்ட வரிசை ரவீந்திர சங்கீதத்தையும் நஸ்ருல் கீதத்தையும் சினிமாப் பாட்டையும் அந்தக் கம்பியில் பாடவைத்தது. பாட்டைப் பாடவேண்டுமானால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் இழையவேண்டும். கர்நாடக இசையில் இது ஜாரு என்ற கமகம், இந்துஸ்தானியில் மீண்ட். இழையும் நேரம் முழுவதும் கம்பி உயிரோடு இருக்கவேண்டும்.

இங்கே கம்பி முதலாளியாகிறது, மரம் பின்னால் வருகிறது. ஹவாயன் கிட்டாரில் கம்பிகள் தண்டிலிருந்து விரற்கடை அளவு உயர்த்தப்படுகின்றன; விரல் அழுத்தப் போவதில்லை என்பதால் எவ்வளவு தடித்த கம்பியும் போடலாம். போடவும் வேண்டும். மெல்லிய கம்பி எஃகுத் துண்டின் எடைக்குக் கீழே அமுங்கிச் சுருதி ஏறும், கடகடக்கும். தடித்த கம்பி எதிர்த்துத் தாங்கும். தடித்த கம்பி அதிக இழுவிசை கேட்கும். அதிக இழுவிசை பலமான சட்டங்களைக் கேட்கும். பலமான சட்டங்கள் பலகையைக் கனக்கச் செய்யும். கனத்த பலகை ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு நீடிப்பைத் தரும். ஒரு ஸ்பானிஷ் கிட்டாரில் மந்தம் என்று தள்ளப்படும் குணம், இங்கே மூலதனமாகிறது.

ராகம் இந்தக் கிட்டாருக்குள் வந்தது இதன் அடுத்த படி. சரோத் கலைஞர் அலி அக்பர் கானிடம் கற்ற பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டாரில் இந்துஸ்தானி இசையை நிறுவினார். சந்தூர் கலைஞர் சிவ்குமார் சர்மா, புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோரோடு அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு 1967இல் வந்தது. காப்ராவின் மாணவரான கொல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா, சதுரங்கி, காந்தர்வி, ஆனந்தி என்று மூன்று கருவிகளை வடிவமைத்தார். சதுரங்கியில் 24 கம்பிகள். சிக்காரி, தரப் என்ற துணைக்கம்பிகள் சேர்ந்த கணக்கு. தரப் கம்பிகளை யாரும் மீட்டுவதில்லை. முதன்மைக் கம்பியின் சுரம் தங்கள் சுருதியோடு ஒத்துப்போகும்போது குதிரை வழியே அவை தாமாக அதிர்ந்து, பெரிய மண்டபத்தின் எதிரொலிபோல் ஒரு மூட்டத்தை விரிக்கின்றன. மரம் தருவதாகச் சொல்லப்படும் ‘செழுமை’யை இங்கே கம்பியே தருகிறது. அத்தனை கம்பிகளின் பாரத்தையும் தாங்கும் பெட்டிக்கு அரிய மரத்தைவிட உறுதியான இணைப்புகள்தான் முதல் தேவை.

ஸ்பானிஷ் கிட்டாருக்குக் கொல்கத்தாவில் பெரிய அலை வந்தது சற்றுப் பிற்பாடு. மஹினேர் கோடாகுலி குழு 1970களில் விதைத்ததை, 1992இல் வெளிவந்த சுமன் சட்டோபாத்யாயின் ‘தொமாக்கே சாய்’ தொகுப்பு அறுவடை செய்தது. ஒற்றைக் குரலுக்கு ஒற்றைக் கிட்டார் போதும் என்று ஆனபின் கேட்கும் காதும் மாறியது. பாடகரின் சொல் தெளிவாக வரவேண்டும். கிட்டார் நடுவில் புகுந்து அதை மூழ்கடிக்கக்கூடாது. மகாகனி உடலும் நடுத்தரக் கம்பியும் குரலுக்குத் துணையாக உலகெங்கும் விரும்பப்படுவதன் காரணமும் இதுவே.

இனி வானிலை. மரத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் கொல்கத்தாவின் காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் அரைகுறைதான். மழைக்காலத்தில் அங்கே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். பௌஷ மாதத்து, அதாவது தமிழர்களின் மார்கழி வாக்கில் வரும் குளிர்காலப் பிற்பகல்களில் பாதியளவுக்கு இறங்கும். கிட்டார் தொழிற்சாலைகள் 45 முதல் 50 விழுக்காட்டு ஈரத்தில் பலகையை ஒட்டுகின்றன. 80 விழுக்காட்டில் மரம் தன் எடையில் ஏழு எட்டு விழுக்காடு கூடுதல் நீரைக் குடிக்கும். 40 சென்டிமீட்டர் அகல ஸ்புரூஸ் பலகையைக் கட்டற்று விட்டால் குறுக்கில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விரியும். கிட்டாரில் பக்கங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் விரிய இடமின்றி மேல்நோக்கிப் பிதுங்குகிறது. குதிரை உயர்கிறது, கம்பிகள் தண்டை விட்டு விலகுகின்றன, விரல் வலிக்கிறது. நீர் ஏறிய பலகை கனமும் மந்தமும் கூடியது; ஆடி ஆவணியில் கிட்டார் ‘தொண்டை கட்டினாற்போல்’ இருப்பது பிரமையில்லை. குளிர்காலத்தில் பலகை சுருங்கிக் குழிகிறது, ஃபிரெட் நுனிகள் தண்டின் ஓரத்தில் முள்ளாய் நீட்டுகின்றன, அதிகம் உலர்ந்தால் நடு ஒட்டில் கீறல் விழுகிறது. இந்த ஆட்டத்தில் பிளைவுட் கிட்டார் கிட்டத்தட்ட அசையாது. மலிவு என்று இகழப்பட்ட பலகைக்கு ஹூக்ளிக் கரையில் ஒரு நியாயமான இடம் உண்டு. சென்னைக் கடற்கரையிலும்தான்.

கம்பியை இந்தக் காற்று மரத்தைவிட வேகமாகத் தின்கிறது. மழைக்காலத்தில் மாட்டிய பித்தளைச் சுற்றுக்கம்பியை மூன்றாம் வாரம் விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளுக்கு நேர்மேலே நிறம் கருத்து, இடையிடையே பச்சை பூத்திருக்கும். வியர்வையின் உப்பும் விரலின் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் இறங்கிவிடுகின்றன. எடை சீராக இல்லாத கம்பியின் கிளைச்சுரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். உயர்ந்த கிளைகள் முதலில் சாகும். சுருதி கூட்ட எவ்வளவு முயன்றாலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சேராது. நல்ல ரோஸ்வுட் கிட்டாரில் செத்த கம்பியும், சாதாரணக் கிட்டாரில் புதுக் கம்பியும் இருந்தால் பின்னதே வெல்லும். சுற்றின் மேல் மெல்லிய பாலிமர் பூசிய கம்பிகள் 1990களில் எலிக்ஸர் என்ற பெயரில் பரவின. விலை இரண்டு மூன்று மடங்கு, ஈரமான ஊர்களில் ஆயுளும் அதற்கேற்ப அதிகம். கையில் காசு குறைந்தவர்கள் சுற்றுக்கம்பிகளைக் கழற்றிச் சில நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி மீண்டும் மாட்டுவதுண்டு. இடுக்கின் அழுக்கு நீங்கி ஒலி பிழைக்கும். ஆனால் சில நாளுக்குத்தான்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைப்பதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும், பல நாள் தொடப்போவதில்லை என்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கிவிடுவதும் கொல்கத்தாவில் பழக்கமாக வேண்டியவை. ஒரு சுரம் இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஈரத்தில் இளகிய பலகைக்கும் பசைக்கும் அது பெரிய ஓய்வு. துர்கா பூஜை முடிந்து காற்று உலரத் தொடங்கிய சில வாரங்களில் பிதுங்கிய பலகை தன் இடத்துக்கு இறங்கும். தண்டுக்குள் ஓடும் இரும்புத் தண்டின் திருகைக் கால் சுற்று சரிசெய்ய வேண்டியது அப்போதுதான். மழைக்காலத்தில் கம்பி உயர்ந்திருக்கிறது என்று அவசரப்பட்டுக் குதிரையின் எலும்புத் துண்டைத் தேய்த்துவிட்டவர்களின் கிட்டார்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஃபிரெட்டில் உரசிக் கடகடக்கும். தேய்த்த எலும்பு திரும்ப வளராது, புதிதாகத்தான் போடவேண்டும்.